அத்தியாயம் 9: பேக் கம்ப்ரஷன் – வரத்து மிகுந்ததா, வடிகால் அடைத்ததா?

ஓடிக்கொண்டிருக்கும் டீசல் காரின் ஆயில் மூடியைத் திறக்கிறார்கள். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று எழுகிறது. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார், என்ஜின் வேலைக்கு வந்துடுச்சு." தீர்ப்புச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அந்தத் தீர்ப்பை நம்பி ஹெட்டை இறக்கி, பிஸ்டனை உருவி, பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, புது ரிங் போட்டு ஏற்றிய பிறகும் டிப் ஸ்டிக் பழையபடி எம்பிக்கொண்டு நிற்கும் வண்டிகள் உண்டு. புது டர்போ போட்ட மறுமாதமே இன்டர்கூலரில் ஆயில் தேங்கி நிற்கும் வண்டிகளும் உண்டு. அளக்காமல் கழற்றியதன் பலன் இது. இந்த அத்தியாயம் முழுக்க அளப்பதைப் பற்றியதுதான். அதற்கு வேண்டிய கருவியில் பெரும்பகுதி ஹார்டுவேர் கடையிலேயே கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக நான் மனத்தில் வைத்துக்கொள்வது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் என்ஜினை. மாருதி ஸ்விஃப்ட்டில் டிடிஐஎஸ், டாடா இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட், ஃபியட் புன்டோவில் மல்டிஜெட் என்று பெயர்தான் வேறு. அடிப்படையில் எல்லாம் அதே 1248 சிசி, நான்கு சிலிண்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்ததோடு புதிய கார்களில் இது நின்றுபோனது. இன்று கைமாறி ஓடிக்கொண்டிருப்பவற்றில் நிறைய வண்டிகள் 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. பேக் கம்ப்ரஷன் புகார் வருகிற வயதுதான் அது. சொல்லும் முறை மற்ற டர்போ டீசல்களுக்கும் பொருந்தும். பெட்ரோல் டர்போ சில இடங்களில் வேறுபடுவதால் அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

உள்ளே நடப்பது

டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாரைத் தாண்டுகிறது. பிஸ்டன் ரிங்கின் வாயில் வெப்பத்தில் விரிவதற்காக ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். புது என்ஜினிலும் அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க் கேஸுக்கு நழுவும். இதைத்தான் பிளோ-பை என்கிறார்கள். நம் பட்டறைப் பேச்சில் பேக் கம்ப்ரஷன். ஆகவே மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகை வருவது நோயே அல்ல. அறவே வராவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

நழுவிய வாயு ஹெட்டிலிருந்து ஆயில் இறங்கும் துவாரங்கள் வழியாக மேலேறி டாப் கவரை அடைகிறது. அங்கே ஆயில் துளிகளைப் பிரித்தெடுக்கும் செபரேட்டர் இருக்கும். அதைக் கடந்து பிரீதர் குழாய் வழியாக, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே இருக்கும் குழாயில் சேர்ந்து, மறுபடி சிலிண்டருக்குள் போய் எரிந்துவிடுகிறது.

ஏரிக்கு வரத்து வாய்க்காலும் வேண்டும், வடிகாலும் வேண்டும். மழை கொட்டி வரத்து மிகுந்தாலும் நீர் கரையேறும். வடிகாலில் மண் மூடினால் சாதாரண வரத்துக்கே கரையேறும். கரையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிராங்க் கேஸ் அழுத்தமும் அப்படியே. முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி: வாயு அதிகமாக வருகிறதா, வருகிற வாயு போக வழியில்லையா? இதற்கு விடை தெரியாத வரை ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

டர்போ இருந்தால் இந்தக் கேள்வி கொஞ்சம் சிக்கலாகிறது. லோடு ஏறும்போது பூஸ்ட் சிலிண்டர் அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஐடிலில் அடங்கிக் கிடந்த கசிவு மேட்டில் பெரிதாகிறது. அதோடு டர்போவே ஒரு வரத்துவாய். அதன் ஷாஃப்ட் சீல் தேய்ந்தால் பூஸ்ட் காற்றும் எக்ஸாஸ்ட் வாயுவும் ஆயில் ரிட்டர்ன் குழாய் வழியாக சம்புக்குள் இறங்கும்.

இதற்கு நேர்மாறாக, டர்போ குற்றமே செய்யாமல் பழி சுமப்பதும் உண்டு. அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். டர்போ ஷாஃப்டில் இருப்பது ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங்கைப் போன்ற மெல்லிய உலோக வளையம். அது ஆயிலை அடைத்து நிறுத்துவதில்லை. வெளியே இருக்கும் வாயு அழுத்தமும், உள்ளே ஆயில் தேங்காமல் வடிந்துகொண்டே இருப்பதும் சேர்ந்துதான் ஆயிலை அங்கே நிறுத்தி வைக்கின்றன. பேரிங்கைக் கடந்து நுரைத்து வரும் ஆயில் ரிட்டர்ன் குழாயில் தன் எடையால் மட்டுமே கீழே விழுகிறது. அதைத் தள்ள பம்ப் எதுவும் கிடையாது. சம்புக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் அந்த ஆயில் இறங்க முடியாமல் மேலே தேங்கும். தேங்கியது வளையத்தைத் தாண்டும். கம்ப்ரஸர் பக்கம் போனால் இன்டர்கூலரில் ஆயில். டர்பைன் பக்கம் போனால் சைலன்ஸரில் நீலப் புகை. புது டர்போ போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் சம்பில் இருக்கும் அழுத்தம் அப்படியே இருக்கிறது. இன்டர்கூலரில் ஆயில் கண்டதும் டர்போவுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் சம்பின் அழுத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

கருவி எடுக்கும் முன்

உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்? ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது? தொல்லை மெல்ல மெல்ல வளர்ந்ததா, ஒரே நாளில் வந்ததா? ரிங் தேய்மானம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளரும். ஒரே நாளில் வந்தால் உடைந்த பிஸ்டன், கிழிந்த டயஃப்ரம், மடங்கிய குழாய் என்று யோசிக்க வேண்டும். சமீபத்தில் டாப் கவரைக் கழற்றினார்களா என்பதையும் கேளுங்கள். தாராளமாகப் பிதுக்கிய சிலிகான் பேஸ்ட் உதிர்ந்து வாயு போகும் துவாரத்தை அடைப்பது நடக்கக்கூடியதே.

அடுத்து டிப் ஸ்டிக். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மற்ற சோதனைகளை நிறுத்தி வையுங்கள். கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பிரீதரில் ஏறும், எல்லா அறிகுறிகளும் பொய்யாகிவிடும். பிஎஸ்6 டீசலில் யாரும் ஊற்றாமலேயே ஆயில் மட்டம் உயரலாம். டிபிஎஃப்பில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசல், ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிகளில் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கும். மோந்து பாருங்கள், டீசல் வாடை தெரியும்.

ஒழுகல் எங்கே என்றும் பாருங்கள். ஒரே ஒரு சீல் மட்டும் ஒழுகினால் பெரும்பாலும் அந்த சீல்தான் பழுது. டாப் கவர் கேஸ்கெட், முன் கிராங்க் சீல், பின் கிராங்க் சீல், டிப் ஸ்டிக் என்று ஒரே காலத்தில் நாலு இடத்தில் ஈரம் தெரிந்தால் அழுத்தத்தின் மேல் சந்தேகம் வைக்கலாம். கிளட்ச் வேலையோடு மாற்றிய பின் சீல் சில மாதத்தில் மறுபடி ஒழுகுவதும் இதே கணக்கில் சேரும்.

மூடியின் உட்புறத்தில் வெண்பழுப்பு நிறக் களிம்பு தெரிந்தால் உடனே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதற வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில், என்ஜின் சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டும் வண்டிகளில் ஈரம் ஆவியாகப் போகாமல் ஆயிலோடு சேர்ந்து இப்படிப் படியும். கூலன்ட் குறையாமல் இருந்தால் அது வெறும் ஈரம்தான். ஆனால் அதே களிம்பு பிரீதர் குழாயையும் அடைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மூடியைத் தலைகீழாகக் கழுத்தின் மேல் வைத்து, அது துள்ளி விழுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். நான் அதைத் தடுப்பதில்லை. ஆனால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஒப்புவதில்லை. நல்ல டீசலிலும் மூடி கொஞ்சம் ஆடும். மூடியின் எடை, கழுத்தின் அகலம், கீழே செயின் தெறிக்கும் ஆயில் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு என்ஜினிலும் ஒவ்வொரு விதமாக ஆடும். ரப்பர் கையுறையைக் கழுத்தில் மாட்டி அது உப்புகிறதா, உள்ளே இழுக்கப்படுகிறதா என்று பார்ப்பது இதைவிட மேல். அழுத்தமா, வேக்கமா என்ற திசையாவது தெரியும். எவ்வளவு என்பதை அதுவும் சொல்லாது.

மட்டக்குழாய்

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் 4 மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் அதை 'யு' வடிவில் வளைத்துக் கட்டி, நடுவில் மி.மீ. கோடு போட்ட ஸ்கேலை ஒட்டுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர், அதில் ஒரு சொட்டு பேனா மை. ஒரு முனை காற்றுக்குத் திறந்திருக்கட்டும், மறுமுனை என்ஜினுக்கு. இரண்டு கையிலும் தண்ணீர் சமமாக நிற்கும் இடம் பூஜ்யம். அழுத்தம் வந்தால் என்ஜின் பக்கத்துத் தண்ணீர் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறும். ஒரு பக்கம் 20 மி.மீ. இறங்கி மறுபக்கம் 20 மி.மீ. ஏறினால் அளவு 40. இரண்டு மட்டங்களுக்கும் உள்ள மொத்த வித்தியாசத்தைத்தான் எடுக்க வேண்டும். சுமார் 10 மி.மீ. தண்ணீர் 1 மில்லிபாருக்குச் சமம். இவ்வளவு நுண்ணிய அழுத்தத்தைச் சாதாரண ஆயில் பிரஷர் கேஜ் காட்டவே காட்டாது, முள் அசையாது.

என்ஜின் பக்கத்து முனையை டிப் ஸ்டிக் குழாயில் இறுக்கமாக மாட்டலாம். ஆனால் சில என்ஜின்களில் அந்தக் குழாய் சம்பில் ஆயில் மட்டத்துக்குக் கீழே போய் முடியும். அங்கே வைத்தால் மேலே இருக்கும் வாயுவின் அளவு சரியாக வராது. சந்தேகம் இருந்தால் அதே மாடலின் பழைய ஆயில் மூடி ஒன்றில் நிப்பிள் பொருத்தி அங்கிருந்து அளவு எடுங்கள். டிப் ஸ்டிக்கைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

என்ஜின் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். எல்லாம் மாட்டியபடியே ஐடிலில் ஒன்று, 2500 ஆர்பிஎம்மில் ஒன்று என்று அளவு எடுங்கள். பிறகு நீண்ட குழாயோடு பலகையை உள்ளே முன் சீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஒரு மேட்டில் மூன்றாவது கியரில் அழுத்தி ஏற்றிப் பாருங்கள். டர்போ என்ஜினுக்கு இந்த மூன்றாவது அளவுதான் உயிர். நிறுத்தி வைத்து ரெய்ஸ் செய்தால் பூஸ்ட் சரியாக ஏறாது. ஐடிலில் நல்ல பிள்ளையாக இருக்கும் என்ஜின் மேட்டில்தான் தன் குணத்தைக் காட்டும்.

எந்த எண் சரி? கறாரான எல்லை அந்தந்த என்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதுவே முடிவு. பொதுவாக மூடிய பிரீதர் அமைப்புகள் கிராங்க் கேஸை வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில், அதாவது லேசான வேக்கத்தில் வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டவை. ஆகவே ஐடிலிலேயே தண்ணீர் அழுத்தப் பக்கம் நின்றாலோ, மேட்டில் மேலே ஏறிக்கொண்டே போனாலோ கோளாறு உண்டு என்று வைத்து அடுத்த படிக்குப் போகலாம்.

வடிகாலைப் பிரித்துப் பார்த்தல்

பிரீதர் குழாயை டர்போ நுழைவாயில் குழாயிலிருந்து கழற்றி, அதன் முனையை ஒரு காலி பாட்டிலுக்குள் விடுங்கள். பாட்டில் வாயை மூட வேண்டாம். டர்போ பக்கத்துத் துளையை மட்டும் இறுக்கமாக அடையுங்கள். திறந்து விட்டால் ஃபில்டரில் வடியாத காற்று உள்ளே போகும். இப்போது மறுபடி அளவெடுங்கள். அழுத்தம் விழுந்துவிட்டால் அடைப்பு நீங்கள் கழற்றிய இடத்துக்கு அப்பால், அந்த நுழைவாயில் நிப்பிளில் இருக்கிறது. கரியும் ஆயிலும் சேர்ந்து அங்கே இறுகியிருக்கும். விழவில்லையென்றால் செபரேட்டருக்கு முன்னால் உள்ள இணைப்பைக் கழற்றுங்கள், அல்லது மூடியைச் சற்றே தளர்த்துங்கள். சட்டென்று தண்ணீர் சமமாகி, வெளியே வரும் வாயுவும் நிதானமாக இருந்தால் செபரேட்டரோ குழாயோ அடைத்திருக்கிறது.

குழாயை வெளியிலிருந்து பார்த்து நல்லதென்று சொல்லிவிடாதீர்கள். வாடகைக்கு ஓடிய ஒரு டீசல் காரில் டர்போ மாற்றியும் இன்டர்கூலர் ஆயில் நிற்கவில்லை என்று கொண்டுவந்தார்கள். பிரீதர் குழாய் பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. வாயால் மெதுவாக ஊதினால் காற்று போனது. ஏர் கன்னை வைத்ததும் 'தப்' என்று ஒரு சத்தம், அதோடு காற்று நின்றது. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், ரப்பரின் உள்ளடுக்கு ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காற்று மெல்லப் போனால் நாக்கு ஒதுங்கி வழிவிடும்; வேகமாகப் போனால் எழுந்து வழியை அடைத்துக்கொள்ளும். ஐடிலில் அளவு சரியாகவும் மேட்டில் மோசமாகவும் காட்டியதற்கு அதுவே விளக்கம். பழைய ரப்பர் பிரீதர் குழாயைக் கழுவி மாட்டுவதைவிடப் புதிது வாங்கிப் போடுவதே எப்போதும் மேல்.

அடைப்பைக் கண்டதும் சிலர் பிரீதரைக் கழற்றித் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஆயில் ஆவி காற்றில் கலப்பது ஒருபுறம். அந்த நச்சுக்காகத்தான் 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்கக் கார்களில் மூடிய பிரீதர் வந்தது. இன்னொருபுறம், என்ஜின் நின்று ஆறும்போது அதே குழாய் வழியாகத் தூசியும் ஈரமும் உள்ளே போகும்.

வரத்தை அளத்தல்

வடிகால் சரி, ஆனாலும் அழுத்தம் உண்டு. அப்படியென்றால் வாயு அதிகம். எவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரீதரை முழுவதும் அடைத்துவிட்டு, வாயு எல்லாம் ஒரே ஒரு துளை வழியாக மட்டும் வெளியேறும்படி செய்வது. அந்தத் துளைக்கு முன்னால் ஏறும் அழுத்தமே வாயுவின் அளவைச் சொல்லிவிடும். கம்மின்ஸ் பெரிய டீசல்களுக்காக வைத்திருக்கும் பிளோ-பை கருவியும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்.

பட்டறையில் செய்துகொள்ள, பழைய ஆயில் மூடியில் ஒரு சாண் நீளக் குழாயைப் பற்றவைத்து, அதன் நுனியில் 6 மி.மீ. துளை போட்ட தகட்டைப் பொருத்துங்கள். குழாய் உயரமாக இருந்தால் தெறிக்கும் ஆயில் துளையை மூடாது. துளையின் விளிம்பில் பிசிர் இருக்கக் கூடாது. மட்டக்குழாயை டிப் ஸ்டிக் பக்கம் மாட்டுங்கள். 100 மி.மீ. தண்ணீர் காட்டினால், கணக்குப்படி நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் வாயு அந்தத் துளை வழியே போகிறது என்று பொருள். இந்த அளவை ஐடிலிலும் 2500 ஆர்பிஎம்மிலும் நிறுத்திய வண்டியில் மட்டும் எடுங்கள். தண்ணீர் வேகமாக ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். சோதனையே சீலைப் பிதுக்கிவிடக் கூடாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துளை வழியாகப் போகும் வாயு இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும். போன வருடம் 25 காட்டிய வண்டி இப்போது 100 காட்டினால் கசிவு நான்கு மடங்கு ஆகிவிட்டது என்று மிரள வேண்டாம். இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் அதே மாடல் வண்டிகள் சிலவற்றை இதே துளையில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் பட்டறைக்கு அதைவிட நம்பகமான அட்டவணை வேறு கிடையாது.

வரத்து எங்கிருந்து

எளிதான சந்தேகத்திலிருந்து தொடங்குங்கள். பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, பிரேக் பூஸ்டருக்கான வேக்கம் பம்ப். டீசலில் மேனிஃபோல்டு வேக்கம் போதாது என்பதால் பெரும்பாலும் கேம் ஷாஃப்ட் சுற்றும் பம்ப் ஒன்று பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய காற்றை அது என்ஜினுக்குள்ளேயேதான் விடுகிறது. பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்தோ, டர்போ ஆக்சுவேட்டருக்கும் இஜிஆருக்கும் போகும் சின்ன வேக்கம் குழாய் வெடித்தோ இருந்தால், பம்ப் நாள் முழுக்க வெளிக்காற்றை டாப் கவருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ரிங்கில் குறை இருக்காது, அழுத்தம் இருக்கும். வேக்கம் பம்பின் உறிஞ்சு குழாயைக் கழற்றி, பம்ப் வாயை இறுக்கி அடைத்து அளவு எடுங்கள். தண்ணீர் விழுந்தால் வேலை பூஸ்டர் பக்கம். இந்தச் சோதனையின்போது பிரேக் உதவி இருக்காது. வண்டியை நகர்த்தவே கூடாது.

அடுத்து இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செம்பு வாஷர். இன்ஜெக்டர் வெளியே தெரியும்படி உட்கார்ந்திருந்தால், கசிவு தார் போலக் கறுப்பாக அதன் காலைச் சுற்றி இறுகி நிற்கும். 'சக் சக்' என்ற ஓசையும் கேட்கும். டாப் கவருக்குள் உட்காரும் அமைப்பில் கசிவு நேராக ஆயிலோடு கலந்துவிடும். டொயோட்டாவின் 3.0 லிட்டர் 1கேடி டீசலில் இந்தக் கரி சம்பில் இறங்கி ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்த கதை பலருக்குத் தெரிந்ததே. அங்கே பேக் கம்ப்ரஷன் என்பது ஆயில் பட்டினிக்கு முன்னறிவிப்பு.

டர்போவைச் சோதிக்க, ஆயில் ரிட்டர்ன் குழாயின் பிளாக் பக்க முனையைக் கழற்றி ஒரு சுத்தமான பாத்திரத்துக்குள் விட்டு, பிளாக்கின் துளையை அடைத்து, ஐடிலில் சில விநாடிகள் மட்டும் ஓட்டுங்கள். குழாய் எங்கும் மேல்நோக்கி வளையக் கூடாது. ஆயில் கனமாக, நிதானமாக விழ வேண்டும். லேசாக ரெய்ஸ் செய்யும்போது ஆயிலோடு காற்றும் சீறிக்கொண்டு வந்தால் டர்போவின் சீல் வழியாக வரத்து இருக்கிறது.

மிச்சம் இருப்பது சிலிண்டர். இங்கே மட்டக்குழாய் ஓர் அழகான வேலை செய்யும். ஐடிலில் தண்ணீர் மட்டத்தை உற்றுப் பாருங்கள். எல்லாச் சிலிண்டரும் சீராகத் தேய்ந்திருந்தால் மட்டம் மெல்லிய நடுக்கத்தோடு ஒரே இடத்தில் நிற்கும். ஒரு சிலிண்டர் மட்டும் மோசமென்றால் தண்ணீர் தாளம் தப்பாமல் 'திக் திக்' என்று எகிறும். ஸ்கேனரிலிருந்து இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். குற்றவாளியை நிறுத்தும்போது அந்த எகிறல் அடங்கி மட்டம் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்கேனரில் அந்த வசதி இல்லையென்றால் என்ஜினை அணைத்துவிட்டு கனெக்டரைப் பிடுங்கி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது காமன் ரெயில் இன்ஜெக்டர் கனெக்டரைத் தொடாதீர்கள். அதில் பாய்வது பேட்டரியின் 12 வோல்ட் அல்ல, அதைவிடப் பல மடங்கு.

பிறகு கம்ப்ரஷன் கேஜ், லீக் டவுன். சிலிண்டரை டாப் டெட் சென்டரில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டு, எவ்வளவு சதவீதம் கசிகிறது, எங்கே கசிகிறது என்று காதால் கேட்பது லீக் டவுன். ஆயில் கழுத்தில் சீறல் கேட்டால் ரிங். சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல சிலிண்டர், 25ஐத் தாண்டினால் திறந்து பார்க்கத்தான் வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. கிராங்க் சுழலாமல் கியரில் பூட்டிவைக்க மறக்காதீர்கள். டீசலில் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டினால் பெட்ரோலுக்குச் செய்வதுபோல் ஆயிலைத் தாராளமாக ஊற்றிப் பார்க்காதீர்கள். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

ரிங்தான் என்று முடிவானாலும், தேய்ந்ததா ஒட்டிக்கொண்டதா என்பது பாக்கி. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் ரிங் பள்ளத்தில் கரி இறுகி ரிங் விரியாமல் நிற்கும். நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்திருந்தால், பிரிக்கும் முன் ஒருமுறை கரி கரைக்கும் திரவத்தை சிலிண்டருக்குள் ஊறவைத்து, அதை முழுதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, நல்ல ஆயிலோடு நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் சேறாய்ப் படிந்த என்ஜினில் சம்புக்குள் ஃப்ளஷ் ஊற்றுவதை நான் ஆதரிப்பதில்லை. பெயர்ந்து வரும் சேறு ஸ்ட்ரெய்னரில் போய்த்தான் நிற்கும்.

தேய்மானம் என்றால் ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடிக்காமல் பிஸ்டன் வாங்கப் போகாதீர்கள். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மணல் நெறுநெறுத்தால் ஃபில்டர் பெட்டியின் மூடியோ கிளிப்போ சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யாமல் போட்ட புது ரிங்கும் அதே வழியில்தான் போகும்.

பெட்ரோல் டர்போ

பெட்ரோலில் ஐடிலின்போது மேனிஃபோல்டில் வலுவான வேக்கம் உண்டு. பூஸ்ட் வரும்போது அதே இடத்தில் அழுத்தம். ஆகவே வடிகால் இரண்டு. ஐடிலில் பிசிவி வால்வு வழியாக மேனிஃபோல்டுக்கு, பூஸ்டில் வேறு குழாய் வழியாக டர்போவின் வாயிலுக்கு. பூஸ்ட் வந்ததும் பிசிவி வால்வு தானாக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் பூஸ்ட் காற்றே கிராங்க் கேஸுக்குள் பாயும். ஐடிலில் வேக்கம், மிதித்தால் திடீர் அழுத்தம் என்று மட்டக்குழாய் காட்டினால் ரிங்கைச் சந்தேகிக்கும் முன் இந்த வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. அழுத்தத்தைச் சீராக்கும் டயஃப்ரம் கிழிந்தால் ஐடிலில் வேக்கம் அளவுக்கு மீறிப் போகும். மூடியைக் கழற்றவே கை வலிக்கும், விசில் போன்ற கூச்சல் கேட்கும், ஐடில் தள்ளாடும், ஸ்கேனரில் பி0171 வரலாம். ஸ்கோடா லாரா, சூப்பர்ப் கார்களில் வந்த 1.8 டிஎஸ்ஐ குடும்பத்து என்ஜின்களில் இந்தப் பழுது பிரசித்தம். அந்த விசில் பல நேரம் பின் கிராங்க் சீல் உள்ளே இழுபட்டுக் கத்துவதுதான். சீலை மட்டும் மாற்றினால் கூச்சல் திரும்ப வரும். டயஃப்ரம் உள்ள பகுதியை முதலில் மாற்ற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

பேக் கம்ப்ரஷன் முற்றிய டீசலில் பிரீதர் வழியாகவோ டர்போ வழியாகவோ போகும் ஆயிலையே எரித்துக்கொண்டு என்ஜின் தறிகெட்டு ஓடத் தொடங்கலாம். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வண்டிக்குள் இருந்தால் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு என்ஜினை மூச்சுத் திணறவையுங்கள். பட்டறையில் என்றால் டர்போவின் காற்று வாயைத் தட்டையான கனத்த பலகையால் மூடுங்கள். கையாலோ துணியாலோ அல்ல. சாலைச் சோதனைக்கு முன் இன்டர்கூலர் குழாயைக் கழற்றித் தேங்கிய ஆயிலை வடித்துவிடுவது இந்த அபாயத்தைப் பெருமளவு குறைக்கும்.

வேலை முடிந்தபின்

எதை மாற்றியிருந்தாலும் முதலில் எடுத்த அதே மூன்று அளவுகளை, அதே சூட்டில், அதே மேட்டில் மறுபடி எடுத்து ஜாப் கார்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ரிங் மாற்றிய என்ஜினில் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை கசிவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ரிங் போரில் படிய வேண்டும். அந்த நாட்களில் ஏசியைப் போட்டு மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி வைத்தால் போர் கண்ணாடி போல் வழவழப்பாகி ரிங் படியவே படியாது. மிதமான லோடில், ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். ஆயிரம் கிலோமீட்டரில் வரவழைத்து மறுபடி அளந்துவிட்டு, அப்போது ஆயிலையும் மாற்றிவிடலாம்.

இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவி, முழுதும் உலர்த்தி மாட்டுங்கள். சைலன்ஸருக்குள் ஊறிய பழைய ஆயில் எரிந்து தீரும் வரை நீலப் புகை சில நாள் வரத்தான் செய்யும். அதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் புகையைப் பார்த்து வேறெங்காவது அவர் டர்போவைக் கழற்றக் கொடுத்துவிடக் கூடாது.